கெண்டைக்கால் காப்பு

தூத்துக்குடி அருகே உள்ள பழையகாயலுக்கு இன்று போகிறவர் கண்ணில் துறைமுகம் எதுவும் படாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. இப்போது சுற்றிலும் உப்பளமும் உடைமரமும்தான். ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வரும் குதிரைகள் கரையிறங்கிய இடம் இதுதான். ஹோர்முஸ், கீஷ், ஏடன் என்று மேற்கேயிருந்து கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்தன. 1290-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் வாங்குகிறார், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். குதிரையைப் பேணத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, தெரிந்தவர் யாரும் வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்ததாம்.

அதே வஸ்ஸாஃப் சொல்லும் இன்னொரு செய்தியை வணிக வரலாறு எழுதுகிறவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. குதிரையை 40 நாள் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்கவைப்பார்கள். பிறகு அதைப் பழக்காமலேயே, பாதம் ஊன்றும் அங்கவடி முதலான ஏறுகருவிகள் இல்லாமலேயே வீரர்கள் வெறிகொண்டு ஓட்டுவார்கள் என்கிறார். மார்க்கோ போலோவின் குறிப்பையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் தையற்காரரே கிடையாது, மன்னர்கூட ஒரு துணியோடுதான் இருக்கிறார், ஆனால் அவர் கைகளிலும் கால்களிலும் முத்து பதித்த பொன் வளையங்கள் இருக்கின்றன என்கிறார் அவர். ஆகக் காயல் கரையில் குதிரையேறியவரின் கெண்டைக்கால் வெறுங்காலாகவே குதிரையின் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது. காலுக்கு அணி இருந்தது, உறை இல்லை.

அங்கவடி இல்லாதவருக்கு ஒரு தொல்லை இல்லை. சேணத்திலிருந்து அங்கவடியைத் தொங்கவிடும் வார் அவர் காலைக் கிள்ளாது. இன்றைய சவாரிக்காரருக்கு அங்கவடி உண்டு, ஆகவே வாரும் உண்டு. குதிரையேற்றம் கற்கத் தொடங்கிய யாரைக் கேட்டாலும் முதல் வாரத்தில் வலித்தது இடுப்பும் தொடையும் என்பார்கள். எரிந்தது எது என்று கேட்டால் முழங்காலுக்குக் கீழே உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அங்கே சிவப்பாக இரண்டு கோடு இருக்கும், சில சமயம் தோல் உரிந்திருக்கும். இதற்குப் பயந்து குதிரையை விட்டவர்கள் உண்டு. முழங்கால் வரை ஏறும் தோல் பூட்ஸ் இல்லாமல் குதிரையேற முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி, அதன் விலையைக் கேட்டுப் பின்வாங்கிய குடும்பங்களும் உண்டு. இரண்டுக்கும் தேவையே இல்லை. கால் ஏன் புண்ணாகிறது என்று தெரிந்துகொண்டால், குறைந்த செலவில், இந்த வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் தோதான உறையை யாரும் தேர்ந்துகொள்ளலாம்.

சேணத்தின் மேற்பகுதியில், தொடைக்கு அடியில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. அங்கவடி வார் அதிலிருந்து கிளம்பி, முழங்காலின் உள்பக்கம் வழியாகக் கெண்டைக்காலைத் தொட்டபடி பாதம் வரை இறங்குகிறது. சாதாரண நடையில் கால் அவ்வளவாக அசையாது. டிராட் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. டிராட்டில் குதிரை ஒரு முன்னங்காலையும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்னங்காலையும் சேர்த்துச் சேர்த்து வைக்கும். அந்தக் குலுக்கல் முதுகில் ஏறாமலிருக்க, சவாரிக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எழுந்து உட்கார்வார். நிமிடத்துக்குச் சுமார் 75 அல்லது 80 முறை. எழும்போது முழங்கால் சற்று விரிகிறது, உட்காரும்போது மடங்குகிறது, ஒவ்வொரு முறையும் கெண்டைக்கால் தசை வாரின் மேல் உருள்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் 20 நிமிடம் டிராட் போனால், ஒரே இடத்தில் 1,500 முறை.

முத்துக்குளிப்பவரின் காலுக்கும் கயிற்றுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது. கனமான கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் பாதத்தை நுழைத்துக்கொண்டு, கல்லின் எடையில் சரசரவென்று அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கே காலை உருவிவிடுவார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்த வளையமும் பாதத்தை அழுத்தியதுதான், ஆனால் இறங்கும் நேரம் சில நொடிகள். குதிரைக்காரரின் வாரோ ஒரு மணி நேரமும் விடுவதில்லை. தோல் புண்ணாவதற்கு அழுத்தம் மட்டும் போதாது; உரசலும் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலின் மேலடுக்கு தடிப்பானது. உரசினால் மேலடுக்கு கிழியாது. அதற்குக் கீழே உள்ள உயிரணு அடுக்கு பிளந்து, இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகும். மண்வெட்டி பிடித்தவருக்கும் துடுப்பு போட்டவருக்கும் இது தெரியும். கெண்டைக்காலின் உள்பக்கத் தோல் அப்படிப்பட்டதல்ல, மெல்லியது. அங்கே கொப்புளம் வருவதற்கு முன்பே மேலடுக்கு தேய்ந்து சிராய்ப்பாகிவிடும். அதனால்தான் சவாரிக் காயம் எரிகிறது. கூடவே வாரின் இரண்டு விளிம்புகளும் தோலை மடித்துக் கிள்ளும், முடியைப் பிடித்து இழுக்கும். ஆக இங்கே நடப்பது இரண்டு. ஒன்று தேய்ப்பு, மற்றது கிள்ளல். தேய்ப்புக்கு வழவழப்பான ஒரு மேற்பரப்பு போதும். கிள்ளலுக்குத் தோலையும் வாரையும் பிரித்துவைக்கும் கொஞ்சம் விறைப்பான தடுப்பு வேண்டும். எது தனக்கு நடக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போகிறவர் தேவைக்கு மேல் செலவழிப்பார்.

இந்தக் கடற்கரையில் வியர்வையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ந்த தோலில் உரசல் குறைவு. ஈரம் ஏறஏறத் தோல் மெத்தென்றாகிப் பரப்பு கூடி ஒட்டத் தொடங்கும், உரசல் உயரும். தண்ணீர் வழிந்தோடும் அளவுக்கு நனைந்தால்தான் மறுபடி கொஞ்சம் குறையும். அரைகுறை வியர்வைதான் மோசமானது. மார்ச் மாதத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் காலை எட்டு மணிக்கே அந்த நிலை வந்துவிடும். அடுத்து, கெண்டைக்காலின் உள்பக்கம் அணைந்திருப்பது சுமார் 38 டிகிரி செல்சியஸ் உடல்வெப்பம் கொண்ட ஒரு பெரிய விலங்கின் மேல். அந்தப் பக்கமாக வெப்பம் வெளியேற வழியே இல்லை. மூன்றாவது, அந்த விலங்கும் வியர்க்கிறது. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. குதிரையின் வியர்வை அப்படியல்ல, உப்புச் செறிந்தது. அதில் லேதரின் என்ற புரதமும் இருக்கிறது. எண்ணெய்ப்பசை கொண்ட முடியிலும் வியர்வை பரவி உடனே ஆவியாக அது உதவுகிறது. சோப்பைப் போல் நுரைக்கவும் செய்யும். ஓடி வந்த குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளையாக நுரை கட்டுவது இதனால்தான். அந்த உப்பும் நுரையும் சவாரிக்காரரின் கால்சட்டையில் ஊறித் தோல்வரை போகும்.

மணலையும் விட்டுவிட முடியாது. கடற்கரையிலோ, திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணலிலோ குதிரை விட்டால், குளம்பு கிளப்பும் மணல் காலுக்கும் சேணத்துக்கும் நடுவில் வந்து சேரும். குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையே கீறும். அதை ஈரத் தோலில் வைத்து 1,500 முறை தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மணலை உள்ளே விடாத உறைதான் நம் கரைக்குச் சரியானது. குளிர்நாட்டு விளம்பரங்களில் மணலைப் பற்றிப் பேச்சே இருக்காது. அங்கே மழையும் சேறும்தான் பிரச்சினை.

உலகெங்கும் குதிரையேறியவர்கள் இதற்கு விதவிதமாக விடை கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவின் முழங்கால் உயர பூட்ஸ் குளிருக்கும் சேற்றுக்கும் முள்வேலிக்கும் பிறந்தது. இந்தியாவில் கிடைத்த விடைகள் இரண்டும் துணியால் ஆனவை. ஒன்று பட்டி. இமயமலைப் பகுதி மக்கள் காலில் சுற்றிய கம்பளிப் பட்டியைப் பார்த்துப் பிரிட்டிஷ் இந்தியப் படை எடுத்துக்கொண்டது. பழைய தமிழ்ப் படங்களில் அரைக்கால்சட்டை போட்ட போலீஸ்காரர் காலில் சுற்றியிருப்பதும் அதுதான். காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி முழங்காலுக்குக் கீழே முடிச்சிட்டார்கள். குதிரைப்படையினர் தலைகீழாக, முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்காலில் முடித்தார்கள். சேணத்தில் உரசும் இடத்தில் முடிச்சு இருந்தால் அவிழ்ந்துவிடும், கிள்ளவும் செய்யும். கணுக்காலில் இருந்தால் இரண்டும் இல்லை. முடிச்சோ பக்கிளோ ஜிப்போ குதிரையைத் தொடும் பக்கத்தில் இருக்கவே கூடாது என்ற விதியை அந்தப் படைவீரர்கள் அனுபவத்தில் கண்டார்கள், இன்றைக்கும் அது மாறவில்லை.

மற்றொன்று ஜோத்பூர் கால்சட்டை. 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் தன் போலோ அணியோடு இங்கிலாந்து போனபோது, அந்தக் கால்சட்டை அங்கே பிரபலமானது. தொடையில் தாராளமாகவும், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை காலோடு ஒட்டியும் இருக்கும். கெண்டைக்காலில் துணி சுருங்கி மடிப்பு விழாததால் வாருக்குப் பிடித்துக் கிள்ள எதுவும் சிக்காது. அதனால் நீள பூட்ஸ் தேவைப்படவில்லை, கணுக்கால் வரையுள்ள சிறு பூட்ஸ் போதும். பாலைவன வெக்கையில் வாழ்ந்தவர்கள் கண்ட வழி இது. தூத்துக்குடிக்காரருக்கு லண்டனைவிட ஜோத்பூர்தான் நல்ல வழிகாட்டி என்பேன்.

அந்தச் சிறு பூட்ஸின் மேல், கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தனியாகக் கட்டிக்கொள்ளும் உறையைத்தான் இன்று சவாரிப் பள்ளிகளில் ஹாஃப் சாப்ஸ் என்கிறார்கள். நீள பூட்ஸின் வேலையில் பெரும்பகுதியை இது செய்கிறது, விலையோ அதில் சிறு பங்குதான். சவாரி முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறலாம். கால் பெருத்தாலோ இளைத்தாலோ உறையை மட்டும் மாற்றினால் போதும்.

அதை வாங்குவதற்கு முன்னால் காசு செலவில்லாத சிலவற்றைச் செய்து பார்க்கலாம். அங்கவடி வாரின் நீளத்தைப் பாருங்கள். மிக நீளமாக இருந்தால் பாதம் அங்கவடியைத் தேடித்தேடி அலையும், ஒவ்வொரு அலைச்சலும் ஒரு உரசல். வார் முறுகி, அதன் விளிம்பு காலை நோக்கி நிற்கிறதா என்று பாருங்கள். பாதத்தை நுழைக்கும்போது அங்கவடியை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து வார் தட்டையாகவும் படியலாம், கத்திபோல் நிமிர்ந்தும் நிற்கலாம். பயிற்சியாளரிடம் ஒருமுறை கேட்டால் காட்டிவிடுவார். உள்பக்கம் தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். அந்தத் தையல் வாருக்கும் தோலுக்கும் நடுவே அரம்போல் வேலை செய்யும். முழங்கால்வரை ஏறும் மெல்லிய நீளக் காலுறையும் ஒட்டிய பருத்திக் கால்சட்டையும் போட்டாலே, வாரத்துக்கு ஒருநாள் நடையும் கொஞ்சம் டிராட்டும் பழகுகிற குழந்தைக்குப் போதுமானதாக இருக்கும். உறைக்குப் பணம் செலவழிக்கும் முன்பு தலைக்கவசம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறும். தலைக்காயம் அப்படி அல்ல.

இதெல்லாம் போதாது என்கிற கட்டத்தில்தான் உறை. அதில் எந்தப் பொருள் என்பது நம் ஊருக்கு முக்கியமான கேள்வி. கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் நியோபிரீன். 1930-இல் டூபான்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர் அது. உள்ளே அடைபட்ட வாயுக் குமிழிகளோடு நுரையாகச் செய்வார்கள். காலோடு நன்றாக இழைந்து நிற்கும், மலிவு, துவைக்கலாம். ஆனால் ஆழ்கடலில் இறங்குபவரின் உடலைச் சூடாக வைத்திருக்கத் தைக்கும் உடைக்கும் இதே பொருள்தான். குளிர்நீரில் உயிர் காக்கும் அந்தக் குணம் ஏப்ரல் மாதத் தூத்துக்குடியில் காலை அவித்துவிடும். காற்றுப் போகாது, வியர்வை அங்கேயே நிற்கும், நாம் மேலே பார்த்த அரைகுறை ஈரம் கடைசிவரை தங்கும். இதைத் தயாரிக்கச் சேர்க்கும் தயோயூரியா வகை வேதிப்பொருள்களால் சிலருக்கு ஒவ்வாமையும் வருகிறது. உறை பட்ட இடம் முழுவதும் ஒரே அளவாக அரித்துத் தடித்தால் அது உரசல் புண்ணாக இருக்காது. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது ரெக்சின் வகை. துணியின் மேல் பாலியூரித்தேன் பூச்சு பூசியது. வாங்கும்போது தோல்போலவே பளபளக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் வேதிப்பிணைப்புகளை நீரே மெல்ல அறுக்கும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் பொருக்குப் பொருக்காக உதிரும் கைப்பையையும் சோபாவையும் கடற்கரை ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உறையிலும் அதே கதிதான். மலிவு என்று இதை எடுப்பது கடைசியில் அதிகச் செலவு.

உண்மையான தோலில் இரண்டு வகை. ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளால் பதனிட்டது ஒன்று. தமிழகத்தின் பழைய தொழில், ஒரு காலத்தில் மதராஸிலிருந்து உலகமெங்கும் போன சரக்கு. இந்தத் தோல் விறைப்பாக இருக்கும், நாளடைவில் காலின் வடிவத்துக்கே படிந்துகொள்ளும், கிள்ளலை நன்றாகத் தடுக்கும். ஆனால் நீரை உறிஞ்சும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். குரோமியம் உப்பால் பதனிட்டது மற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் காலணிக்காகத் தயாராவதில் பெரும்பகுதி இதுதான். மிருதுவானது, நீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். கொதிநீரில் போட்டாலும் எளிதில் சுருங்காது. தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரை இதற்குக் கொடுத்த விலை பெரிது, அதை மறந்துவிட்டு இந்தத் தோலைப் புகழ எனக்கு மனமில்லை. அதன் கழிவைக் குறைக்கும் ஆராய்ச்சி, 1948-இல் தொடங்கிய சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

தோலைக் கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்தால் மேல்பாதி வழவழப்பாகவும் கீழ்ப்பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். அந்தக் கீழ்ப்பாதியில் செய்வதுதான் மலிவான ஸ்வேட். சேணத்தில் வழுக்காது, மேல்தோலைவிடக் காற்று உள்ளே போகும், விலையும் குறைவு. ஈரத்தையும் மணலையும் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் குறை. என்னைக் கேட்டால் நம் கரைக்குத் தோதானது கலப்பு. குதிரையைத் தொடும் உள்பக்கம் ஸ்வேட் அல்லது மெல்லிய தோல். வெளிப்பக்கம் காற்றுப் போகும் கேன்வாஸ் அல்லது வலைத்துணி. பின்பக்கம் நெடுக இரண்டு விரல் அகலத்துக்கு எலாஸ்டிக். உரசல் இருக்கும் இடத்தில் மட்டும் தடுப்பு, மற்ற இடமெல்லாம் காற்று. கடையில் இப்படிப்பட்டவை உண்டு. காலணி தைக்கிற நல்ல தொழிலாளி ஒருவர் கிடைத்தால் அவரிடமே தைத்துக்கொள்ளவும் முடியும். இந்தியாவில் சேணப் பொருள்களுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து வரவழைத்தால்தான் ஆயிற்று என்பதில்லை.

தைப்பதற்கும் வாங்குவதற்கும் அளவு ஒன்றேதான், அதை எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சவாரிக்குப் போடும் கால்சட்டையையும் காலுறையையும் பூட்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது, நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் தடித்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைச் செங்கோணமாக மடியுங்கள். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து கணுக்கால் எலும்புவரை உயரம். கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தில் சுற்றளவு. இரண்டு காலையும் அளக்க வேண்டும், பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலின் அளவுக்கு வாங்குங்கள். புதுத் தோலுறை சில வாரங்களில் கணுக்காலில் மடிந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும், அதனால் தொடக்கத்தில் துளி உயரமாக இருப்பதில் தவறில்லை. துணியும் ரெக்சினும் இறங்காது, அவற்றில் அளவு அப்படியே இருக்க வேண்டும்.

உறையின் மேல்விளிம்பில் மட்டும் அவசரப்படாதீர்கள். முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலாவின் தலை அது. அதற்குக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு முன்பக்கம் போகிறது. அந்த இடத்தில் நரம்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான், தசை காப்பு கிடையாது. பாதத்தை மேலே தூக்குவதும் புறங்காலில் உணர்ச்சி தருவதும் இந்த நரம்பின் கிளைகள். உறையின் மேல்பட்டை அங்கே இறுகினால் புறங்கால் மரத்துப்போகும், சுருக்சுருக்கென்று குத்தும். நெடுநேரம் அழுத்தினால் பாதத்தைத் தூக்க முடியாமலே போகலாம். பழக்கமில்லாதவர் இதைச் சவாரிக் களைப்பு என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டுவார். ஜிப்பைப் போட்ட பிறகு மேல்விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும், பத்து முறை குந்தி எழுந்த பிறகும் நுழைய வேண்டும். எலாஸ்டிக் வைத்த மேல்பட்டையை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கீழே தளர்ந்தாலும் தொல்லைதான். கணுக்காலில் தொளதொளவென்று இருந்தால் உறை காலைச் சுற்றித் திரும்பும், வெளிப்பக்கம் இருக்க வேண்டிய ஜிப் உள்பக்கம் வந்து குதிரையின் விலாவை அறுக்கும். நம் காலைக் காக்க வாங்கியது குதிரைக்குப் புண் வைக்கக்கூடாது. குதிரைக்கு நாம் சொல்லும் பேச்சில் பாதி கெண்டைக்காலின் மெல்லிய அழுத்தம்தான். தடித்த, மரக்கட்டை மாதிரி விறைத்த உறைக்குள் இருந்து அந்தப் பேச்சு அதன் விலாவுக்குப் போய்ச் சேராது. மெல்லியதாகவும் காலோடு ஒட்டியதாகவும் இருப்பது அதற்கும் நல்லது.

உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதத்தில் என்ன போட்டிருக்கிறோம் என்பதை அது ஈடுகட்டாது. விழும்போது பாதம் அங்கவடியில் மாட்டிக்கொண்டு இழுபடுவதுதான் குதிரையேற்றத்தின் பெரிய அபாயங்களில் ஒன்று. குதிகால் 2 சென்டிமீட்டராவது உயர்ந்த, அடிப்பாகம் அதிகப் பள்ளமில்லாத பூட்ஸ் இருந்தால் பாதம் முழுவதும் உள்ளே நழுவாது. பள்ளம் பள்ளமாக அடி வைத்த ஓட்டப்பந்தயக் காலணி சிக்கும். உப்பளத்தில் போடும் கம்பூட் முழங்கால்வரை மூடுகிறதே என்று சிலர் அதோடு ஏறுவதுண்டு. அதன் அகலமான முன்பகுதி அங்கவடியில் அடைத்துக்கொள்ளும், வேண்டாம். அங்கவடி, காலணியைவிட மொத்தமாக இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும்.

பராமரிப்பு பற்றி உள்நாட்டு நூல்களும் வெளிநாட்டு நூல்களும் சொல்வது தூத்துக்குடிக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். காரணம் உப்பு. சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் உப்பு கசிகிறது என்பது இதைத்தான். கடற்கரையில் இரவும் விடியலும் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் வியர்வையும் குதிரையின் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து உறையில் உப்பை விட்டுச் செல்கின்றன. மாலையில் நன்றாகக் காய்ந்ததாகத் தோன்றிய உறை, விடிந்து எடுக்கும்போது ஈரமாக இருக்கும். நிழலில் எவ்வளவு காயவைத்தாலும் உப்பு உள்ளே இருக்கும்வரை இது ஓயாது. அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும், தையல் நூல் இற்றுப்போகும், இரும்பு ஜிப் துருவேறிப் பல் பிடிக்காமல் போகும்.

ஆகவே முதல் வேலை உப்பை வெளியேற்றுவது. சவாரி முடிந்தவுடன் மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். தோலாக இருந்தால் வாரம் ஒருமுறை கிளிசரின் சோப்பை ஈரத்துணியில் தேய்த்துத் துடைக்கலாம். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் காயவைக்க வேண்டும். நடுப்பகல் வெயிலில் போட்டால் தோலில் உள்ள எண்ணெய் போய் வெடித்துவிடும். எண்ணெய் பூசுவதாக இருந்தால் கொஞ்சமாக. ஊறப்போட்டால் தோல் தொய்ந்து கணுக்காலில் சரியும். துணி உறையைத் தண்ணீரிலேயே அலசலாம். வாங்கும்போதே நைலான் ஜிப்பும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பக்கிளும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் கவலை பாதி குறையும். வெல்க்ரோ வைத்ததில் மணலும் குதிரை முடியும் அடைந்துபோகும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிக்கடி சீவ வேண்டும்.

கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றி நடத்தும் இளைஞர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கைலியை மடித்துக்கட்டியோ அரைக்கால்சட்டையோடோ, செருப்போடு அல்லது வெறுங்காலோடு நாள் முழுக்கக் குதிரையின் பக்கத்திலும் மேலுமாக இருப்பவர்கள். கெண்டைக்காலில் பழைய தழும்பின் மேல் புதிய சிராய்ப்பு இருக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏறுகிற நமக்கு இவ்வளவு யோசனை என்றால், குதிரையிலேயே பிழைப்பு நடத்துகிறவரைப் பற்றி யார் யோசிப்பது? உப்பும் மணலும் புகுந்த சிராய்ப்பில் சீழ் பிடிக்க அதிக நாளாகாது. குதிரை வைத்து ஆள் அமர்த்துகிறவர்கள் சேணத்துக்கும் மணிமாலைக்கும் செலவழிப்பதில் சிறு பங்கை அவர்களுடைய கால்களுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் வைத்த கடைச் சரக்கு தேவையில்லை. கேன்வாஸும் ஸ்வேட் துண்டும் போதும்.

தைக்கச் சொல்லும் விதம் இது. பழைய செய்தித்தாளைக் காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இறுக்கமாகச் சுற்றி டேப் ஒட்டி, வெளிப்பக்கமாக நேராக வெட்டிப் பிரித்தால் வெட்டுமாதிரி கிடைத்துவிடும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுத்து வலது, இடது என்று எழுதிவையுங்கள். எலாஸ்டிக் வைக்கும் அகலத்தைப் பின்பக்கம் கழித்துவிடுங்கள். ஸ்வேட் துண்டின் விளிம்பைக் குதிரைப்பக்கம் மடித்துத் தைக்காமல், ஒற்றையாக வைத்து ஓரத்தில் தட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். மடித்தால் அந்த மேடே அடுத்த உரசலைத் தொடங்கிவைக்கும். உறையைப் பிடித்துக்கொள்ள பூட்ஸின் அடியில் குதிகாலுக்கு முன்னால் போகும் பட்டைதான் முதலில் அறுந்துபோகும், தரையில் தேய்வதும் மணலில் இழைவதும் அதுதான். அதை உறையோடு நிரந்தரமாகத் தைக்காமல், இரண்டு பக்கமும் பட்டன் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்தால், அறுந்த அன்றே பெட்டிக்கடை எலாஸ்டிக்கில் புதியது வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.